சிற்றறையில் ஒரு சோற்றுக் கலம்

பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் குடியேறிய நம்மவர் காலப்போக்கில் பலவற்றை மாற்றிக் கொள்கின்றனர். கடைத்தெருவில் இந்தியோ வங்காளியோ பேசப் பழகுகின்றனர். குளிருக்கேற்ற உடை அணிகின்றனர். பகலில் ரொட்டி உண்ணவும் கற்றுக்கொள்கின்றனர். ஆயினும், மாலையில் அறைக்குத் திரும்பியதும் வயிறு கேட்பது சூடான சோறும், அதனுடன் பிசைந்துகொள்ள ஏதேனும் ஒன்றுமேயாகும். தனி அடுக்களை என்பது எல்லோருக்கும் கிட்டுவதன்று. தில்லியின் மாடி அறைகளிலும், மும்பையின் சால் குடியிருப்புகளிலும், பெங்களூரின் ஒற்றை அறைகளிலும் வாழ்வோர் பலருக்கு ஜன்னலோரத்துப் பலகை ஒன்றும் மின்சார பிளக் ஒன்றுமே சமையலறை. அத்தகையோருக்குக் கைகொடுப்பது சிறிய ரைஸ் குக்கர்.

கைகொடுக்க வேண்டிய இக்கலம் பல வீடுகளில் பரணில் கிடப்பதையும் காண்கிறோம். வாங்கிய புதிதில் ஒரு நாள் சோறு குழைந்தது. மறுநாள் நடுவில் அரிசியாய் நின்றது. மூன்றாம் நாள் அடி பிடித்தது. “நம்மூர் அரிசிக்கு இது ஒத்துவராது” என்று தீர்ப்புக் கூறிவிட்டு, மூன்று வேளையும் வெளியே உண்ணத் தொடங்கிவிடுகிறோம். ஊருக்கு அனுப்ப வேண்டிய பணத்தில் ஒரு பகுதி அவ்வாறு கரைகிறது. எண்ணெயும் காரமும் மிகுந்த உணவால் உடலும் தளர்கிறது. இத்தனைக்கும் குறை குக்கரிடத்தில் இல்லை. அதன் இயல்பை நாம் அறியாமையே காரணம். அவ்வியல்பை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம்: இக்கலத்துக்கு அரிசியைத் தெரியாது, தண்ணீரை மட்டுமே தெரியும். இதனை விளங்கிக்கொண்டால் எஞ்சியவை யாவும் எளிதில் விளங்கும்.

தானாக நின்றுவிடும் மின்சாரச் சோற்றுக் கலத்தை ஜப்பான் நாட்டின் டோஷிபா நிறுவனம் 1955-ஆம் ஆண்டின் இறுதியில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதனை உருவாக்கியவர் யோஷிதாதா மினாமி என்ற சிறு தொழிலதிபர். திரும்பத் திரும்பச் சோறாக்கி, நேரத்தையும் சூட்டையும் அளந்து பார்த்துப் பதம் கண்டவர் அவருடைய மனைவி பூமிகோ. அக்கலத்தில் இரண்டு பாத்திரங்கள் இருந்தன. உட்பாத்திரத்தில் அரிசியும் நீரும் இருக்கும். வெளிப்பாத்திரத்தில் அளந்து ஊற்றிய சிறிதளவு நீர் இருக்கும். வெளிநீர் ஆவியாகித் தீர்ந்ததும் சூடு சட்டென்று ஏறும்; இரு உலோகங்களை ஒட்டிச் செய்த தகடொன்று அச்சூட்டில் வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். இன்று நாம் வாங்கும் சிறிய குக்கரில் வெளிப்பாத்திர நீர் இல்லை. ஆனால் நீர் தீர்வதையே அடையாளமாகக் கொள்ளும் தத்துவம் மாறவில்லை.

அத்தத்துவத்தைச் சற்று விளக்குவோம். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. கொதிக்கத் தொடங்கிய பின் எவ்வளவு நெருப்பூட்டினும், நீர் உள்ளவரை அதன் உஷ்ணநிலை அதற்குமேல் ஏறுவதில்லை. ஊட்டிய வெப்பம் முழுவதும் நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிறது. அரிசி நீரைக் குடித்து, எஞ்சியது ஆவியாகி, பாத்திரத்தின் அடியில் தளர் நீர் இல்லை என்றான பிறகே அடிச்சூடு 100 டிகிரியைத் தாண்டுகிறது. இந்தத் தாண்டுதலைக் கண்டுகொள்ளும் கருவி, குக்கரின் சூட்டுத் தட்டுக்கு நடுவே ஸ்பிரிங்கின் மேல் அமர்ந்திருக்கும் சிறு வட்டக் குமிழாகும். அதனுள் ஒரு நிலைக்காந்தமும், அதன்மேல் ஒரு தனிவகைக் காந்தப் பொருளும் உள்ளன. நாம் விசையை அழுத்தும்போது இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன, மின்சாரம் பாய்கிறது. அடிச்சூடு 100 டிகிரியைச் சிறிது கடந்ததும் மேலுள்ள பொருள் தன் காந்த இயல்பை இழக்கிறது. ஸ்பிரிங் இழுக்க, விசை ‘டக்’ என்று மேலெழும்புகிறது. காந்தப் பொருள்கள் குறிப்பிட்ட உஷ்ணநிலையில் இவ்வாறு தம் இயல்பை இழப்பதை விரிவாக ஆராய்ந்து 1895-ல் வெளியிட்டவர் பிரான்ஸ் நாட்டு அறிஞர் பியேர் கியூரி. அவ்வுஷ்ணநிலை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

இதிலிருந்து முதற் பாடம் ஒன்று கிடைக்கிறது. விசை எழும்பியது ‘சோறு வெந்தது’ என்பதற்கு அடையாளமன்று. ‘தண்ணீர் தீர்ந்தது’ என்பதற்கே அடையாளம். ஊற்றிய நீர் குறைந்தால் அரிசி வேகுமுன்பே அது எழும்பும். நீர் மிகுந்தால் அரிசி குழைந்த பின்னும் எழும்பாது. எழும்பிய உடனே மீண்டும் அழுத்தினால் விசை நிற்பதில்லை. சூட்டில் காந்தம் ஒட்டாது என்பதே காரணம். அதனைப் பலவந்தமாக அழுத்திப் பிடிப்பதும், ஏதேனும் முட்டுக்கொடுத்து நிறுத்துவதும் அறவே கூடாது. சோறு அரிசியாக இருப்பின் கால் குவளை வெந்நீர் தெளித்து, சற்று ஆறவிட்டு, பின்னர் அழுத்துக.

ஆகவே, சமைப்பவர் கையில் உள்ள அதிகாரம் நீரின் அளவு ஒன்றே. அந்த அளவை எவ்வாறு முடிவு செய்வது? ஊற்றும் நீர் இரண்டு பங்காகப் பிரிகிறது. ஒரு பங்கை அரிசி குடிக்கிறது. இது அரிசியின் அளவைப் பொறுத்தது. மற்றொரு பங்கு மூடியின் துளை வழியே ஆவியாய்ப் போகிறது. இது கலத்தையும் கொதிக்கும் நேரத்தையும் பொறுத்தது. அரிசி இரட்டித்தால் இதுவும் இரட்டிப்பதில்லை. ‘ஒன்றுக்கு இரண்டு’ என்ற கணக்கை எல்லா அளவுக்கும் நீட்டுவோர் தவறுவது இங்கேதான். பச்சரிசி ஒரு குவளைக்கு இரண்டு குவளை நீர் எனில், இரண்டு குவளைக்கு மூன்றரையும், மூன்று குவளைக்கு ஐந்தும் போதும். தனியே இருப்பவர் ஒரு குவளை சமைக்கும் நாளில் உதிரியாக வந்த சோறு, நண்பர்கள் வந்த நாளில் குழைந்துபோவதன் மர்மம் இதுவே.

குக்கருடன் வரும் சிறு குவளையைத் தூக்கி எறிந்துவிடலாகாது. பல குக்கர்களில் அது 180 மில்லிலிட்டர் கொள்வது. ஜப்பானியர் அரிசி அளக்கும் ‘கோ’ என்னும் அளவின் எச்சம் அது. வீட்டுத் தம்ளரால் அளப்பதும் தவறன்று. அரிசியையும் நீரையும் ஒரே பாத்திரத்தால் அளக்க வேண்டும் என்பதே விதி. உட்பாத்திரத்தின் பக்கத்தில் பொறித்துள்ள கோடுகளோ ஏதோ ஒருவகை அரிசியை எண்ணி இட்டவை. நாம் வாங்கும் அரிசி அதுவாக இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

இங்கே அரிசியைப் பற்றிச் சில சொற்கள் கூறுதல் வேண்டும். கரோல்பாகிலும், மாட்டுங்காவிலும், கல்கத்தாவின் லேக் மார்க்கெட்டிலும் பொன்னி அரிசி கிடைக்கலாம். அதனைத் தேடி ஒவ்வொரு முறையும் நகரின் மறுகோடிக்குச் செல்ல எல்லோராலும் இயலாது. உள்ளூர்க் கடையில் உள்ளதை வாங்கவேண்டுமாயின், அது பச்சையா புழுங்கலா என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். பீகார், ஜார்க்கண்ட் முதலிய வட்டாரங்களில் பச்சரிசிக்கு ‘அர்வா’ என்றும் புழுங்கலரிசிக்கு ‘உஸ்னா’ என்றும் பெயர். வங்கத்தில் பச்சரிசி ‘ஆதப்’, புழுங்கல் ‘செத்தோ’. மராத்தியில் புழுங்கலை ‘உக்டா’ என்பர். தெலுங்கில் ‘உப்புடு பிய்யம்’. கன்னடக் கடற்கரையில் ‘குச்சலக்கி’. தில்லியில் ‘சேலா’ என்று கூறி விற்பது புழுக்கிய பாஸ்மதி. பெயர் தெரியாவிடில் கண்ணால் அறியலாம்: பச்சரிசி வெண்மையாக இருக்கும், புழுங்கல் சற்று மஞ்சள் பாய்ந்து, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும்.

நெல்லை ஊறவைத்து அவித்து உலர்த்திய பின் குத்துவதால் கிடைப்பது புழுங்கலரிசி. அவ்வாறு அவிக்கும்போது அரிசியின் மாவுச்சத்து ஒருமுறை வெந்து, உலரும்போது மீண்டும் இறுகுகிறது. தவிட்டில் உள்ள பி-1 வைட்டமினில் ஒரு பகுதி அரிசிக்குள்ளும் இறங்குகிறது. இறுகிய மணி ஆதலால் அது வேக நேரமும் நீரும் மிகுதியாக வேண்டும். குக்கரில் புழுங்கல் ஒரு குவளைக்கு மூன்று குவளை நீரும், இரண்டு குவளைக்கு ஐந்து குவளை நீரும் ஊற்றித் தொடங்கலாம். முன்னதாக அரை மணி நேரமேனும் ஊறவைத்தல் நலம். சேலா அரிசியை ஒரு மணி நேரம் ஊறவிடுக. சாதாரண பாஸ்மதியை அரை மணி ஊறவைத்து, நீரை வடித்துவிட்டால் ஒரு குவளைக்கு ஒன்றரைக் குவளை நீர் போதுமானது. பழைய அரிசி புதியதைவிட மிகுதியாக நீர் குடிக்கும் என்பதை நம் பாட்டிமார் அறிவர். அவ்வறிவு குக்கருக்கும் பொருந்தும். இவ்வளவுகள் யாவும் தொடக்கமே. புதிய மூட்டை பிரித்த நாளில் சோற்றைப் பார்த்து, மறுநாள் கால் குவளை கூட்டியோ குறைத்தோ ஊற்றினால், மூன்றாம் நாள் நம் பதம் கைவந்துவிடும். அந்த அளவை ஒரு காகிதத்தில் எழுதி அரிசி டப்பாவில் ஒட்டிவைப்பது நல்ல வழக்கம்.

விசை எழும்பிய பின் மூடியைத் திறவாமல் பத்து நிமிடம் விட்டுவிடுதல் இன்றியமையாதது. அப்போது அடியிலுள்ள சோறு வறண்டும், மேலேயுள்ளது ஈரமாகவும் இருக்கும். மூடிய கலத்தில் நீராவி சுழன்று இரண்டையும் சமப்படுத்துகிறது. வடித்த சோற்றை நாம் கவிழ்த்து வைத்திருப்பதும் ஏறத்தாழ இதே பயனுக்காகவே. வடித்துப் பழகியவர்களுக்கு முதலில் குக்கர்ச் சோறு சற்று ஒட்டும்போல் தோன்றும். கஞ்சி வெளியேறாமல் சோற்றிலேயே தங்குவதே காரணம். அரிசியை இருமுறை களைந்து, ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டால் உதிரியாக வரும். கஞ்சியோடு கரைந்து போகும் சத்துக்கள் இம்முறையில் சோற்றிலேயே நிற்கின்றன என்பதையும் மறக்கலாகாது.

மலை நகரங்களில் பணிபுரிவோருக்கு ஒரு குறிப்பு. உயரம் ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறைந்து, நீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுகிறது. பெங்களூரில் அது ஏறத்தாழ 97 டிகிரி. சிம்லாவிலும் நம் உதகையிலும் சுமார் 93. லே நகரில் 88 அளவே. அரிசியின் மாவுச்சத்து 80 டிகிரிக்குள்ளாகவே இளகத் தொடங்கிவிடுவதால் அங்கும் சோறு வேகும்; ஆனால் மெதுவாக வேகும். ஊறவைக்கும் நேரத்தைக் கூட்டி, அரைக் குவளை நீர் மிகுதியாக ஊற்றி, இறுதியில் இருபது நிமிடம் மூடிவைத்தல் வேண்டும்.

துவரம்பருப்பின் நிலை வேறு. பிரஷர் குக்கரில் நீராவி அழுத்தத்தால் சூடு 120 டிகிரியை நெருங்குகிறது; பருப்பு விரைவில் மசிகிறது. ரைஸ் குக்கரில் 100 டிகிரிக்கு மேல் ஏற வழியில்லை. கடினமான கிணற்று நீராயின் பருப்பு மேலும் சண்டித்தனம் செய்யும். ஒரே கலம் உடையோர் பாசிப்பருப்பை நாடுவது அறிவுடைமை. அரைக் குவளை பச்சரிசி, கால் குவளை பாசிப்பருப்பு, மூன்று குவளை நீர் சேர்த்தால் பொங்கல் கிடைக்கும். மிளகு, சீரகம், நெய் பின்னர் சேர்க்கலாம். வடநாட்டு நண்பர் இதனைக் கிச்சடி என்று கூறி உடன் உண்பார். பொங்கும் பொருளாதலால் கலத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டலாகாது. ஆவித்தட்டு உள்ள குக்கரில் சோறு வேகும்போதே மேலே காய்கறியை அவித்துக்கொள்ளலாம். ரசம், குழம்பு போன்றவற்றை இதில் கொதிக்கவிட்டு வெளியே செல்வது மட்டும் ஆகாது. நீர் தீரும் வரை விசை எழும்பாது என்பதை முன்னரே கண்டோம்.

இனி உடல்நலம் பற்றியது. அரிசியில் இயல்பாகவே காணப்படும் ஒருவகை நுண்ணுயிரின் வித்துக்கள் கொதிநீரிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பான நிலையில் பல மணி நேரம் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கின்றன. அதில் வாந்தியை உண்டாக்கும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை. ‘காலையில் ஆக்கியதை இரவில் சுடவைத்துக்கொள்ளலாம்’ என்று அணைத்த குக்கரிலேயே மூடிவைத்துவிட்டுப் பணிக்குச் செல்வோர் இதனை ஊன்றிக் கவனிக்க வேண்டும். சூடு காக்கும் வசதி உள்ள குக்கர், சோற்றை 60 டிகிரிக்குக் குறையாமல் வைத்திருக்கும் வரை தீங்கில்லை. மின்சாரம் நின்றுபோனால் அக்காப்பு இல்லை. எஞ்சிய சோற்றை அகலமான தட்டில் பரப்பி விரைவில் ஆறவைத்து, குளிர்பெட்டி இருப்பின் அதில் வைத்து, மறுநாளுக்குள் உண்டுவிடுக. குளிர்பெட்டி இல்லையேல் ஒருவேளைக்கு மட்டும் சமைப்பதே முறை. “பழைய சோறு உண்ணவில்லையா?” என்று கேட்கலாம். அது நீர் ஊற்றிப் புளிக்கவைப்பது. அப்புளிப்பு மற்றக் கிருமிகளை ஓரளவு அடக்கும். மூடிய குக்கரில் புழுங்கிக் கிடக்கும் சோற்றுக்கு அந்தக் காவல் கிடையாது.

மின்சாரத்தைப் பற்றியும் கூறியாக வேண்டும். ஒரு லிட்டர் அளவுள்ள சிறு குக்கர் பெரும்பாலும் 400 வாட் அளவில் மின்சாரம் கொள்ளும். அரை மணி நேரம் ஓடினால் ஐந்தில் ஒரு யூனிட். வீட்டு உரிமையாளர் கேட்டால் இக்கணக்கைக் கூறலாம். சாதாரண பிளக்குக்கு இது பெரும் சுமையன்று. ஆயினும் குளிர்காலத்தில் 2000 வாட் ஹீட்டரையும் குக்கரையும் ஒரே நீட்டிப்புக் கம்பியில் மாட்டினால் கம்பி சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். குக்கரின் பிளக்கில் மூன்று பின்கள் உண்டு. அவற்றுள் நீண்டு பருத்த பின் எர்த் இணைப்புக்கானது. கலத்தின் உலோக உடலில் மின்சாரம் கசிந்தால் அதனை நிலத்துக்குக் கொண்டுபோய் நம் உயிரைக் காப்பது அதுவே. இரண்டு துளை சாக்கெட்டில் பொருந்தவில்லை என்று அதனை ஒடித்துவிடுவதும், எர்த் இணைப்பே இல்லாத பழைய சாக்கெட்டில் செருகுவதும் ஆபத்தான செயல்களாகும். வாடகைக்கு அறை பார்க்கும்போதே சாக்கெட்டில் எர்த் உண்டா என ஓர் எலக்ட்ரீஷியனைக் கொண்டு சோதித்துக்கொள்வது நன்று.

கலத்தை வைக்கும் இடமும் கருதத்தக்கது. கட்டிலின் மீதோ, துணிகளுக்கு அருகிலோ, ஸ்விட்ச் போர்டுக்கு நேர் கீழோ வைத்தலாகாது; ஆவி மேலே சென்று மின் இணைப்பை நனைக்கும். சுவரிலிருந்து ஒரு சாண் விலக்கி, சமதளத்தில் வைக்க வேண்டும். உட்பாத்திரத்தின் வெளிப்புறத்தைத் துடைத்து உலர்த்திய பிறகே உள்ளே இறக்குக. அடியில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தாலும் பாத்திரம் தட்டில் சரியாகப் படியாது. நடுக்குமிழ் சூட்டைத் தவறாக உணரும். சோறு ஒருபுறம் தீய்ந்து மறுபுறம் வேகாது நிற்கும். இறக்கிய பின் இடமும் வலமும் சிறிது திருப்பினால் நன்கு படியும். வெளிக்கலத்தை ஒருபோதும் நீரில் கழுவலாகாது. பிளக்கை எடுத்துவிட்டு ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

வடநாட்டுக் குளிரில் ஜன்னலை அடைத்த அறைக்குள் கரி அங்கீட்டியையோ மண்ணெண்ணெய் அடுப்பையோ எரிப்பதால், மணமும் நிறமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு சேர்ந்து உறக்கத்திலேயே உயிரிழந்தவர்கள் உண்டு. மின்சாரக் குக்கர் எதையும் எரிப்பதில்லை; ஆதலால் அத்தகைய வாயுவையும் வெளிவிடுவதில்லை. சிற்றறையில் வாழ்வோருக்கு இஃது ஒன்றே இக்கலத்தை விரும்பப் போதிய காரணமாகும்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் முதுமொழி. அப்பதம் பார்க்கும் கண்ணும் கையும் எந்தக் கருவிக்கும் வரவில்லை. நீர் தீர்ந்தது என்பதைக் கூறுவது குக்கரின் வேலை. எவ்வளவு நீர் என்பதைத் தீர்மானிப்பது நம் வேலை. இவ்வேலைப் பங்கீட்டை உணர்ந்தவர்களுக்கு, எந்த ஊரில் எந்த அரிசி கிடைத்தாலும், அரை மணி நேரத்தில் சூடான சோறு கிடைக்கும். பரணில் உள்ள கலத்தை இறக்கித் துடைத்து, இன்றைக்கே ஒரு குவளை அரிசியை அளந்து போடலாம்.